அந்த ஒரு பாடம் மட்டும்

வாங்க டீச்சர், வாங்க. ஏன் வெயில்ல நிக்கிறீங்க, உள்ள வாங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உட்காருங்க. ஸ்கூட்டியை உள்ள விடலையா? ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிப்பாட்டியிருக்கீங்க. சரி, அங்கேயே இருக்கட்டும். நம்ம வாசல்ல நிக்கிற வண்டியை இந்த ஊர்ல எவனும் தொட மாட்டான்.

பிரதீபாவையா? பிள்ளை தூங்குது. நேத்துலருந்து காய்ச்சல். எழுப்ப வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எந்த டாக்டரா? டவுன்ல இருக்காரே, அவருதான். பேரு சட்டுன்னு வாயில வரலை.

பஞ்சவர்ணம், டீச்சருக்குக் காபி போடு. சீனி கம்மியா.

இன்னைக்குப் பரீட்சைன்னு எனக்குத் தெரியாமயா இருக்கும்? தெரியும் டீச்சர். அரசியல் அறிவியல். பத்து மணிக்கு. உங்க பாடம். உங்க பாடத்துக்கு உங்களையே மேற்பார்வைக்குப் போட மாட்டாங்க, அதனாலதான் நீங்க இங்கிட்டு வந்திருக்கீங்க, அதுவும் தெரியும். நான் ரெண்டு தடவை ஊராட்சி மன்றத் தலைவரா இருந்தவன். இந்தச் சோணைமுத்துக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு கோழி கூடக் கூடையை விட்டு இறங்காது.

சரி, உங்ககிட்ட மறைப்பானேன். காய்ச்சல்னு வச்சுக்குங்க. ஸ்கூலுக்கு அப்படித்தான் சொல்லணும். நான் பிள்ளையைப் படிக்க விடாதவன்னு மட்டும் நினைச்சுறாதீங்க. தமிழ்ப் பரீட்சைக்கு என் கார்லதான் போச்சு. இங்கிலீசுக்கும் கார்தான். கருத்தாண்டி கொண்டுபோய் விட்டு, மூணு மணி நேரமும் கேட்டுலயே நின்னு, நேரா வீட்டுக்குக் கூட்டியாந்தான். எந்தப் பெரியப்பன் இதைச் செய்வான்? நாளைக் கழிச்சு வரலாற்றுக்கும் அனுப்புவேன். பொருளியலுக்கும் அனுப்புவேன். இந்த ஒரு பாடம் மட்டும் வேணாம்னேன். ஆறுல ஒண்ணு. அதுக்குப் போயி ஒரு பிள்ளை சோறு திங்காமக் கிடக்குமா?

என் தம்பி போனப்ப அதுக்கு மூணு வயசு. அதோட ஆத்தா பிறந்த வீட்டுக்குப் போனவ, போனவதான். நான் ஒண்ணும் அவளைப் போகச் சொல்லலை. போறதுன்னா பிள்ளையை விட்டுட்டுப் போன்னுதான் சொன்னேன். எங்களுக்கும் பிள்ளை இல்ல. அன்னைலருந்து என் மக மாதிரி. மாதிரி என்ன, மகதான்.

இந்தா காபி வந்துருச்சு. பார்த்தீங்களா டீச்சர், ஊராட்சி மன்றத் தலைவரே உங்களுக்குக் காபி கொண்டாந்து குடுக்குறாங்க. எந்த ஊர்ல நடக்கும்? சும்மா, விளையாட்டுக்குச் சொல்றேன். ஆமா, என்ன பஞ்சவர்ணம், அரக்குச் சீலை கட்டியிருக்க? பதவிப் பிரமாணத்தன்னைக்குக் கட்டுனதுல்ல? கோயிலுக்கா? ஓ, செவ்வாய்க்கிழமை. சரி, போயிட்டு வா. பிள்ளைக்கு ஏதாவது குடுத்துட்டுப் போ, கஞ்சியாச்சும்.

அவளுக்குச் சாமி பக்தி ஜாஸ்தி. நல்லவ. பீரோச் சாவி, அலுவலக முத்திரை, எல்லாம் அவ இடுப்புலதான். நான் கேக்குறதே இல்ல. வீட்டுல பொம்பளைக்கு அதிகாரம் குடுக்கணும் டீச்சர். குடுத்தாத்தான் வீடு விளங்கும்.

என்ன, கடிகாரத்தைப் பார்க்குறீங்க? எட்டே முக்கால்தான் ஆகுது. காபியைக் குடிங்க.

ஜனவரி இருபத்தாறா? அதையா கேக்குறீங்க?

ஆச்சரியமா இருக்கு. உள்ளதைச் சொல்றேன், இந்த ரெண்டு மாசத்துல ஒரு ஆளு என்கிட்ட வந்து, சோணைமுத்து, அன்னைக்கு என்னப்பா நடந்துச்சுன்னு கேட்டதில்ல. பின்னாடி பேசுறாங்க. டீக்கடையில நான் போனா வாயை மூடிக்கிறாங்க. நீங்கதான் முதல்ல வந்து உட்கார்ந்து கேக்குறீங்க. படிச்சவங்க படிச்சவங்கதான். சொல்றேன்.

ஆனா அதை ஜனவரியில இருந்து சொல்ல முடியாது. ஆகஸ்டுல இருந்து சொல்லணும். உங்ககிட்ட இருந்துதான் ஆரம்பிக்கணும். கோவிச்சுக்காதீங்க. நீங்கதானே செயல்திட்டம்னு ஒண்ணு குடுத்தீங்க? அவங்கவங்க ஊர் கிராம சபைக்குப் போயி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிட்டு வாங்கன்னு.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதச் சொல்றது ஒரு பாடமா டீச்சர்?

ஒரு விஷயம் உங்களுக்குப் புரியணும். இந்த ஊராட்சியைப் பெண்களுக்குன்னு ஒதுக்குன பிறகு நான் என்ன செய்யிறது? ஊரை அப்படியே விட்டுற முடியுமா? அவ நின்னா, ஜெயிச்சா. நான் பார்த்துக்கிட்டேன். கையெழுத்து முதற்கொண்டு நான்தான். அவ கையெழுத்தை அவளை விட நான் நல்லாப் போடுவேன், அவளுக்குக் கடைசி எழுத்துல கை நடுங்கும். ஊர்லயும் எல்லாரும் என்னையத்தான் தலைவர்னு கூப்பிடுவாங்க. அவளைத் தலைவரம்மான்னுவாங்க. யாருக்கும் ஒரு குழப்பமும் இல்ல.

கிராம சபைக்கும் ஒரு முறை வச்சிருந்தோம். நடுவுல கைவச்ச நாற்காலி, வெள்ளைத் துண்டு போட்டு. அதுல நான் உட்காருவேன். போட்டோ எடுக்கிறப்ப மட்டும் அவ வந்து உட்காருவா, நான் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறிக்குவேன். கிளார்க் செல்போன்ல நாலு படம் எடுப்பாரு. எடுத்ததும் நான் லேசா இருமுவேன். அவ எழுந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவா. நான் மறுபடி நடுவுல. அஞ்சு நிமிஷ வேலை. நாலு வருஷமா ஒரு பிசகு இல்ல.

இதை இந்தப் பிள்ளை எழுதியிருக்கு டீச்சர்! நோட்டை நான் படிச்சேன். மனப்பாடமாவே இருக்கு எனக்கு. "பத்து மணி பத்து நிமிடத்திற்குக் கூட்டம் தொடங்கியது. நாற்காலி மாற்றப்பட்டது. படம் எடுக்கப்பட்டது. திரு. சோணைமுத்து இருமினார். நாற்காலி மீண்டும் மாற்றப்பட்டது. தலைவர் சமைக்கச் சென்றார். வந்திருந்தவர்கள் பதினான்கு பேர். அதில் எட்டுப் பேர் மிட்டாய்க்காக நின்ற சிறுவர்கள்."

பெரியப்பான்னு கூட எழுதலை. திரு. சோணைமுத்து.

அதுக்குக் கீழ நீங்க சிவப்பு மையில "மிக நன்று"ன்னு போட்டிருக்கீங்க.

இல்ல இல்ல, கோவமெல்லாம் இல்ல. அன்னைக்கு நான் சிரிச்சேன். நிசமாச் சிரிச்சேன். பிள்ளைக்கு நல்லா எழுத வருதுன்னு நினைச்சேன். நான் எதையும் உடனே செய்யிறவன் இல்ல டீச்சர். போன தேர்தல்ல நம்மளை எதிர்த்து ஒருத்தன் பொண்டாட்டியை நிப்பாட்டுனான். நான் ஒரு வார்த்தை சொல்லலை. அவன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயி மொய் எழுதிட்டு வந்தேன். எட்டு மாசம் கழிச்சு அவன் வைக்கப்போர் எரிஞ்சு போச்சு. அப்ப நான் மதுரையில ஒரு கல்யாணத்துல இருந்தேன். போட்டோ கூட இருக்கு. அவன் இப்பத் திருப்பூர்ல இருக்கான், குடும்பத்தோட. நல்லா இருக்கட்டும்.

மேல ஏதோ சத்தம் கேக்குதுல்ல? பிள்ளை எழுந்திரிச்சிருச்சு போல. பஞ்சவர்ணம் கஞ்சி கொண்டு போயிருப்பா. மாடிப்படி கொல்லைப்பக்கம் இருக்கு. பூட்டி வச்சிருக்கீங்களான்னா கேக்குறீங்க? ச்சே, பூட்டுவாங்களா, வயசுப் பிள்ளையை? சும்மா தாழ்ப்பாள்தான். வெளிப்பக்கம்.

எங்க விட்டேன்? ஆமா, ஆகஸ்டு. அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் அடுப்படியில உட்கார்ந்து படிக்கும். அவ காய் நறுக்குவா, இது படிக்கும். "ஊராட்சி மன்றத் தலைவரின் கடமைகள்." "கிராம சபைக் கூட்டத்திற்குத் தலைமை வகித்தல்." "தீர்மானங்களைச் சபையின் முன் வைத்தல்." ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பி. நான் கூடத்துல படுத்திருப்பேன். ஒருநாள் சத்தம் குறைஞ்சுச்சு, நான்தான் இங்கிருந்து குரல் குடுத்தேன்: சத்தமாப் படி, அப்பத்தான் மனசுல நிக்கும்னு. நான்தான் டீச்சர். என் வாயால.

இவளும் நடுநடுவுல ஏதோ கேப்பா. பிள்ளைக்குப் பாடம் ஒப்பிக்க ஆளு வேணும்ல, அதுக்குக் கேக்குறான்னு நினைச்சேன்.

ஒருநாள் சாப்பிடுறப்ப இந்தப் பிள்ளை கேட்டுச்சு: "பெரியப்பா, அதிகாரம் ஒருத்தர்கிட்ட இருக்கு, அதைப் பயன்படுத்துறது இன்னொருத்தர். அதுக்கு என்ன பேரு?" நான் சொன்னேன், "வசதின்னு பேரு." நல்லாச் சிரிச்சேன். அதுவும் சிரிச்சுச்சு. இவ சிரிக்கலை. ரசத்தை ஊத்திட்டு உள்ள போயிட்டா. அப்பவே நான் கவனிச்சிருக்கணும்.

யாரு போன்ல? கருத்தாண்டி. இவனுக்கு வேற வேலை இல்ல. பஸ் ஸ்டாப்புல போய் உட்காருடான்னு காலையில அனுப்பினேன். சும்மாதான். டீக்காசு இல்லைன்னு அடிப்பான். கட் பண்ணிட்டேன். நீங்க கேளுங்க.

ஜனவரி இருபத்தாறு. கொடி ஏத்தியாச்சு, மிட்டாய் குடுத்தாச்சு. அன்னைக்கு ஒரே ஒரு தீர்மானம்தான் எனக்கு முக்கியம். ஊருணிக் கரை மேல குவாரி லாரி போறதுக்குப் பாதை. வேற ஒண்ணுமில்ல. நமக்கு வேண்டப்பட்ட ஆளு, வாக்குக் குடுத்துட்டேன். தண்ணி கலங்கும்னுவாங்க. எந்தத் தண்ணி கலங்காம இருக்கு?

இவ வந்தா. நாற்காலி மாறுனோம். கிளார்க் படம் எடுத்தாரு. நான் இருமுனேன்.

அவ எழுந்திரிக்கலை.

கேக்கலை போலன்னு மறுபடி இருமுனேன். அவ நேரா முன்னாடி பார்த்துக்கிட்டு இருக்கா. மூணாவது தடவை கொஞ்சம் சத்தமா இருமுனேன். எவனோ ஒரு கூறுகெட்டவன் எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தான். நான் அதையும் வாங்கிக் குடிச்சேன் டீச்சர், என்ன செய்யிறதுன்னு தெரியாம. குடிச்சிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார மனசு வராம, நின்னேன். அவ பக்கத்துல. பந்தியில இடம் கிடைக்காதவன் மாதிரி நின்னேன்.

அவ கிளார்க்கைப் பார்த்துச் சொன்னா: "தீர்மானத்தை வாசிங்க." அவரு என்னையப் பார்த்தாரு. அவ மறுபடி சொன்னா: "என்னையப் பார்த்து வாசிங்க." அந்த மனுசன் வாசிச்சிட்டாரு. உடனே இந்தப் பிள்ளை எழுந்திரிச்சு வெளிய போச்சு. குழாயடியில தண்ணிக்கு நின்ன பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. குடத்தோட வந்து உட்கார்ந்தாங்க டீச்சர். தரை பூராக் குடம். "ஊருணித் தண்ணிதான் நாம குடிக்கிறது. பாதை வேணும்கிறவங்க கை தூக்குங்க"ன்னா இவ. நான் தூக்குனேன். கருத்தாண்டி தூக்குனான். வேணாம்கிறவங்க தூக்குங்கன்னா. அதை நான் எண்ணலை. எண்ணுறதுக்கு அங்க என்ன இருக்கு?

அம்பது வயசு ஆகுது எனக்கு. அவ்வளவு பேரு முன்னாடி நான் அப்படி நின்னதில்ல.

வீட்டுக்கு வந்தேன். நான் கை வைக்கலை. நம்புங்க. கல்யாணமாகி இருபத்தி நாலு வருஷத்துல ரெண்டு தடவையோ மூணு தடவையோ வச்சிருப்பேன், எந்த வீட்டுல இல்ல? ஆனா அன்னைக்கு வைக்கலை. கையை ஓங்குனேன். அவ விலகவும் இல்ல, குனியவும் இல்ல. "தலைவர் மேல கை வச்சா அது வேற கேசு, பிள்ளை படிச்சுச் சொல்லியிருக்கு"ன்னா. சாதாரணமாச் சொன்னா, உப்பு போட்டாச்சுங்கிற மாதிரி. எனக்குக் கை தானா இறங்கிருச்சு. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, எனக்கு அன்னைக்குப் பயமா இருந்துச்சு. என் வீட்டுக்குள்ள யாரோ தெரியாத பொம்பளை நிக்கிற மாதிரி இருந்துச்சு.

அப்பத்தான் முடிவு பண்ணேன். இவளை ஒண்ணும் செய்ய வேணாம். வேர் எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. பிள்ளை மேல படிக்கணும்னுச்சு, மதுரையில வக்கீலுக்கு. படிக்கட்டும்னேன், தலையைத் தடவிச் சொன்னேன். மார்ச்சு வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. பென்சில் பாக்ஸ் கூட வாங்கிக் குடுத்தேன். நேத்து ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் ஹால் டிக்கெட்டை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டினேன். "நாளைக்கு மட்டும் போக வேணாம்மா"ன்னு தன்மையாத்தான் சொன்னேன். அந்த ஒரு பாடத்துல போச்சுன்னா காலேஜு இல்ல. காலேஜு இல்லைன்னா வீட்டோட இருக்கும். வீட்டோட இருந்தா வைகாசியில ஒரு நல்ல இடம் பார்த்து முடிச்சிறலாம். பையன் குவாரியில மேனேஜரா இருக்கான். வயசு கொஞ்சம் கூட. அதனால என்ன? யாருக்காவது இதுல நஷ்டம் இருக்கா? நீங்களே சொல்லுங்க.

அழுகும்னு நினைச்சேன். அழுகலை. பெரியம்மாவைப் பார்த்துச்சு. இவ தட்டைக் கழுவிக்கிட்டு இருந்தா. திரும்பக்கூட இல்ல. சரி, இவ நம்ம பக்கம் வந்துட்டான்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு நேத்துத்தான் நல்லாத் தூங்கினேன்.

சாவியா? பீரோச் சாவி அவகிட்டத்தான் இருக்கு, அதான் முதல்லயே சொன்னேனே. எப்பவும் அவ இடுப்பு…

திரும்ப இவனா? பேசிட்டு இருக்கேன்னு தெரியாது? வச்சிறேன்.

காபியை அப்படியே வச்சிருக்கீங்களே டீச்சர், ஒரு வாய் கூடக் குடிக்கலை. ஆடை படிஞ்சு போச்சு. வெக்கையா இருக்கா? ஃபேனைக் கூட்டி வைக்கவா? இங்க பாருங்க, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க புத்தகத்துல இருக்கிறதைச் சொல்லிக்குடுக்குறீங்க, சம்பளத்துக்கு. ஆனா அடுத்த வருஷம் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வேணாம்னு ஹெட்மாஸ்டர்கிட்டப் பேசியிருக்கேன். வேற குரூப்பு எடுக்கட்டும். உங்களுக்கும் தூரத்துல எங்கயாவது மாறுதல் கிடைச்சா நல்லதுதானே? ஒரு பொம்பளை தனியா இந்த ரோட்டுல தினம் ஸ்கூட்டியில வர்றீங்க. ரெண்டு பக்கமும் கருவேலங்காடு.

இருங்க, மூணாவது தடவை அடிக்கிறான். என்னன்னு கேட்டுறேன்.

சொல்லுடா.

யாரு?

கோயிலுக்குல்ல போனா.

எந்த பஸ்ஸு? ஒன்பது அஞ்சா? பிள்ளையுமா? யூனிஃபார்ம்லயா?

ஏன்டா, உன்னைய அங்க எதுக்குடா உட்கார வச்சேன்? போய் முன்னாடி நிக்க வேண்டியதுதானே? நின்னியா? நின்னு?

"தலைவர் தள்ளுன்னாங்க, தள்ளிட்டேன்"னா? எந்தத் தலைவர்டா? டேய், எந்தத் தலைவர்?

வையிடா போனை.

…

உட்காருங்க டீச்சர். ஏன் எழுந்திரிக்கிறீங்க? மணி ஒன்பதரை ஆகுது. இந்நேரம் ஸ்கூல் வாசல்ல இறங்கியிருப்பாங்க, இல்ல? கார்ல போனாலும் இனிப் பிடிக்க முடியாது. சரியாத்தான் கணக்குப் போட்டிருக்கீங்க. ஒரு மணி நேரம் என்னைய உட்கார வச்சுப் பேச விட்டிருக்கீங்க. நானும் பேசியிருக்கேன், யாரோ கேக்குறாங்களேன்னு.

எழுதட்டும். நல்லா எழுதட்டும். ஒண்ணேகாலுக்கு முடியும். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் எங்க போவாங்க? இந்த வீட்டுக்குத்தானே வரணும்.

உங்களுக்குக் காபி ஆறிப் போச்சு. வேற போடச் சொல்றேன். பஞ்சவர்ணம்… ஏ, பஞ்சவர்ணம்…

…

உங்க வண்டி ரொம்ப நேரமா வெயில்ல நிக்குது டீச்சர். சாவியைக் குடுங்க. நானே உள்ள கொண்டாந்து விடுறேன்.